நிலைக்கால்

விழ முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாது. கஷ்டமாக இருக்காது என்று சொல்லியிருக்கலாம், பக்கத்திலேயே ஆள் நிற்கும் என்று சொல்லியிருக்கலாம், பிடிக்கவில்லையென்றால் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனையும் இருக்க, அதிலே விழவே முடியாது சாந்தா, அது பொய்த் தரை என்று எதற்காகச் சொன்னோம் என்று சென்னியப்பன் பிசியோதெரபி கூடத்தின் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். பொய்யாக இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிகிற தரை மட்டும்தான். காலுக்குக் கீழே இருப்பது மெய்யான மொசைக், காலையில் ஃபினாயில் போட்டுத் துடைத்தது, அதன்மேல் விழுந்தால் மெய்யாகவே வலிக்கும். இது யாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் மனைவி சாந்தாமணி தட்டில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு, வராத இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் வாயில் வைக்காமலே இருந்துவிட்டு, நிசமாவே விழ முடியாதுங்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைப் பார்த்ததும் அவர் வாய் தானாக ஆமாம் என்றுவிட்டது. பக்கவாதம் வந்த அன்று குளியலறை வாசலில் கால் மடங்கி உட்கார்ந்தவள் அவள். கால் முக்கால்வாசி தேறிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார், இங்கே பயிற்சி கொடுக்கிற பெனாசிரும் சொல்கிறாள். பயம் மட்டும் தேறவில்லை. வீட்டில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வரைக்கும் வருவாள், நிலைக்கு இந்தப்பக்கம் நின்று தெருவைப் பார்ப்பாள், எதிர்வீட்டுக்காரி கோலம் போடுவதைப் பார்த்து அதில் ஒரு குறை சொல்வாள், அப்படியே திரும்பிவிடுவாள். படி தாண்டவேண்டுமென்றால் நாற்காலியோடு தூக்கவேண்டும். தூக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அவர் ஒருநாள் கட்டாயப்படுத்தியபோது, கோபமே இல்லாத குரலில், "இன்னொருக்கா விழுந்தேன்னா அப்புறம் என்னைய எந்திரிக்கச் சொல்லாதீங்க" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். காப்பியை விட்டவள், அண்ணன் வீட்டுக்குப் போவதை விட்டவள், விட்டது விட்டதுதான். இன்றைக்கு இந்தக் கூடத்தில் அவள் விழுந்தால், விழவேண்டாம், விழப்போகிறோம் என்று ஒரு தரம் பயந்தால் போதும், அதன்பிறகு எந்த வாசலையும் தாண்ட மாட்டாள்.

இப்போது அவள் நடந்துகொண்டிருந்தாள். முகத்தின் மேல்பாதியை மூடிய ஹெட்செட்டும் காதை அடைத்த ஹெட்போனுமாக, இடுப்பில் பெனாசிர் கட்டிவிட்ட பட்டையுமாக, இல்லாத ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தாள். பெனாசிர் பட்டையின் நுனியை விரலில் சுற்றியபடி அவளுடைய இடப்பக்கம் ஓரடி பின்தங்கி வந்தாள். வராத பக்கம்தான் சாயும் என்பதால் அந்தப் பக்கம் நிற்கவேண்டும், அது அவள் படித்த படிப்பு. சாந்தாமணி பார்ப்பதெல்லாம் ஸ்டூல்மேல் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டில் தெரிந்தது. செம்மண் தெரு, வேப்பமரம், ஒரு சைக்கிள், தூரத்தில் வீடு. ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொன்றாகக் கோளாறு. முதலில் ஹெட்செட்டின் பட்டை கொண்டைமேல் ஏறிக்கொண்டது. பின்தலையில் கொண்டை என்று ஒன்று இருக்கும், அதில் ஒரு முழம் பூவும் இருக்கும் என்று ஹெட்செட் செய்தவனுக்குத் தெரியாமல் போகலாம். அதை வாங்கி வைத்துக்கொண்டு இந்த ஊர்ப் பெண்களுக்காக ஆப் செய்கிற சென்னியப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டு, பூவை ஜன்னலில் வைத்தாள் பெனாசிர். அப்புறம் உயரம். சாந்தாமணி போட்டதும் கீழே பார்த்து, நானென்னங்க சுவத்து மேலயா நிக்கறேன், தரை எங்கியோ கெடக்குது என்றாள். சென்னியப்பன் தன்னுடைய உயரத்தை அதில் கொடுத்து வைத்திருந்தார். யார் போட்டாலும் அவர் கண்ணிருக்கும் உயரத்திலிருந்துதான் உலகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு. வேண்டுமென்று செய்ததில்லை, மாற்றவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். வேண்டுமென்று செய்திருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றியது. அதைச் சரிசெய்ததும் எழுத்து. மெதுவாக நடக்கவும், கீழே பார்க்க வேண்டாம் என்று அவர் கண்ணுக்கு நேராக ஒட்டி வைத்திருந்த வரி. அவள் இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். எங்க திரும்பினாலும் இந்த எழுத்து ஈயாட்டம் மூஞ்சிக்கு முன்னாலயே வருதுங்க, ஓட்டி உடுங்க என்று கையால் விசிறினாள். பெனாசிர் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வரியை அணைத்தார்.

கடைசியாக ஹெட்போனை மாட்டும்போது மட்டும் ஒரு கணம் யோசித்தார். கீழே மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே போகின்றன. அந்தச் சத்தம் கேட்டால் அவள் தெருவில் இருப்பதாக நம்ப மாட்டாள், வேப்பமரத்துக் குயில் எடுபடாது. அதனால்தான் காதை முழுக்க அடைக்கிற வகையாகப் பார்த்து வாங்கச் சொன்னார். ஆபீஸில் மதுவந்தி, நிரல் எழுதுகிற பெண், அவர் மகள் இருந்தால் அந்த வயது இருக்கும், வெளியே நிற்கிறவங்க உள்ளே பேச ஒரு மைக் வெச்சுடலாம் சார் என்றாள். வெச்சுடலாம் என்றார். அடுத்த மாதம் வெச்சுடலாம். அவளுக்கு அவரிடம் பயம் கிடையாது. மேலே கீழே பார்த்து, சார் நீங்க பாயசம் வெச்சுட்டு ருசி பாக்காமயே பரிமாறுற ஆளு என்று ஒருதரம் எல்லார் முன்னாலும் சொன்னாள். அவர் அதற்கும் சிரித்தார். ஹெட்செட்டைப் போட்டால் அவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே வயிற்றைப் புரட்டும், நெற்றியில் ஊசிபோல் வியர்வை வரும், கழற்றிய பிறகும் மத்தியானம் வரைக்கும் தரை ஆடும். வயதாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைப்பார்களோ என்று கழற்றிக் கொடுத்துவிட்டு அருமையாக இருக்கிறது என்பார். அப்புறம் தன் மேசைக்குப் போய் பெரிய மானிட்டரில் அதே உலகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். மானிட்டரில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வாழ்நாள் முழுக்க நூற்பாலை எந்திரங்களின் தட்டையான திரைகளுக்குப் பொத்தான் வரைந்த கை அது. தட்டையில் இருப்பதற்குத் தரை கிடையாது, முதுகு கிடையாது, யாரும் அதன்மேல் சாய முடியாது. யாரும் அதன்மேல் சாய முடியாது. இந்த இடத்தில் அவர் நினைப்பு எதிலோ மாட்டிக்கொண்டு நின்றது, சேலை முந்தானை ஆணியில் மாட்டுவதுபோல. என்ன என்று தெரியவில்லை. திரும்ப ஒருதரம் அந்த வாக்கியத்துக்கே போனார். யாரும் அதன்மேல் சாய முடியாது. டேப்லெட்டைப் பார்த்தார். வீடு பக்கத்தில் வந்துவிட்டது. முன்வாசல் தெரிந்தது. நிலை தெரிந்தது.

போன வாரம் வரைக்கும் அங்கே நிலை கிடையாது. சும்மா ஒரு திறப்புதான் இருந்தது, சுவரில் வெட்டிய ஓட்டை மாதிரி. மானிட்டரில் பார்க்கப் பார்க்க அது வீடாகவே தோன்றவில்லை, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தது. இவருக்கு மனசு ஒப்பவில்லை. பக்கவாதம் வந்தவள் நடந்துபோய்ச் சேர்கிற இடம் வீடாக இருக்கவேண்டாமா. அதனால் நிலைவாசல் வைத்தார். தேக்கு நிலை, ரேகை ஓடுகிற மரம், உயர்ந்த வாசல்படி, படிக்கு மஞ்சள் பூசி நடுவிலும் ஓரங்களிலும் குங்குமம், மேலே மாவிலைத் தோரணம், அதில் ஒரு இலை மட்டும் காய்ந்து சுருண்டது. ஆபீஸில் எல்லாரும் கூடிநின்று பார்த்தார்கள். மதுவந்திகூட, தொட்டுக் கும்பிடணும் போல இருக்கு சார் என்றாள். தொட்டு. அவள் சொன்ன அந்தச் சொல் அன்றைக்குப் பாராட்டாகக் காதில் விழுந்தது, இன்றைக்குத்தான் அர்த்தத்தோடு வந்து விழுகிறது. சாந்தாமணி வாசலைத் தாண்டும் விதம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். படியை மிதிக்க மாட்டாள், அவர்கள் வீட்டில் யாரும் மிதிக்க மாட்டார்கள், தாண்டித்தான் வைப்பார்கள். வலது காலைத்தான் முதலில் எடுப்பாள். வலது காலை எடுக்க ஒரு கணம் உடம்பு மொத்தமும் இடது காலில் நிற்கவேண்டும். முன்பு அது ஒன்றுமே இல்லை. இப்போது அந்தக் கால் தனியாக அவளைத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும், அதனால் வலது கை நிலைக்காலைத் தேடும். தேடிப் பிடித்து, பாரத்தை அதில் போட்டுவிட்டுத்தான் கால் எழும்பும். ஆபீஸில் முதல் வாரமே ஒரு பையன், ஹெட்செட்டுக்குள்ளே வரைந்து வைத்த மேசையில் கையை ஊன்றி எழப்போய், குப்புற விழுந்து மோவாயை உடைத்துக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவனே சிரித்தான். மேசையை எடுத்துவிடுங்கள், பிடிக்கத் தோன்றுகிற எதையும் பிடிக்க முடியாமல் வைக்காதீர்கள் என்று இவர்தானே சொன்னார். மேசையை எடுத்தார்கள். அதே வாயால் சொல்லி, அதே கையால் நிலையை நட்டிருக்கிறார். நடும்போது அது பிடித்துக்கொள்கிற பொருளாகத் தோன்றவேயில்லை, வீட்டின் முகமாகத் தோன்றியது. எத்தனை நிஜமாகச் செய்தாரோ அத்தனைக்கு அவள் கை அதை நம்பும். ரேகையை இன்னும் கொஞ்சம் மோசமாகப் போட்டிருந்தால், மரம் பிளாஸ்டிக் மாதிரி இருந்திருந்தால், அவள் ஒருவேளை கை நீட்ட மாட்டாள்.

சாந்தா என்று கூப்பிட்டார். தனக்கே கேட்காத அளவுக்குத்தான் குரல் வந்தது. கத்தினாலும் அவளுக்குக் குயில்தான் கேட்கும். காதை அடைத்தது யார். டேப்லெட்டில் நிறுத்துகிற பொத்தான் இருந்தது, சிவப்பாக, பெரிதாக, அவர் வரைந்தது. அதைத் தொட்டால் உலகம் பட்டென்று அணைந்து இருட்டாகும். மெதுவாக மங்கி நிற்பதுபோல் செய்யலாம் சார், பட்டென்று போனால் தலை சுற்றும் என்று மதுவந்தி சொன்னதும், பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. காலை நம்பாதவள் கண்ணை நம்பித்தான் நிற்கிறாள். நடுத்தெருவில் கண்ணையும் பிடுங்கினால் என்ன ஆவாள். போய்த் தொட்டுவிடலாமா. கண்ணுக்கு ஆளே இல்லாத தெருவில் ஒரு கை வந்து தோளைத் தொட்டால் யாராக இருந்தாலும் துள்ளிவிடுவார்கள். பெனாசிரிடமே அவர்தான் காலையில் சொல்லியிருந்தார், போட்டிருக்கும்போது திடீரென்று தொடாதீர்கள் என்று. அவர் எழுந்து போய் பெனாசிரின் காதருகில், வலது பக்கம் சாயப்போறா, நிலையப் பிடிக்கப் போறா என்றார். பெனாசிருக்கு முதலில் புரியவில்லை. டேப்லெட்டைப் பார்த்ததும் புரிந்தது. பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ விட மாட்டேன் சார் என்றாள். விட மாட்டாள், அது தெரியும். ஆனால் பிடித்த மரம் கைக்குள் காற்றாகப் போய், இடுப்பில் வெடுக்கென்று ஒரு இழுப்பும் விழுந்தால் அதற்கு என்ன பெயர். எலும்பு தப்பும். விழுந்தது விழுந்ததுதான். விழ முடியாது என்றாரே, அந்த மனுஷன் சொன்னது பொய் என்று அந்த ஒரு கணத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும், அவள் அதைச் சொல்லிக்காட்டக்கூட மாட்டாள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தூக்குங்க என்பாள்.

அவள் வாசலுக்கு நேரே வந்து நின்றுவிட்டாள். தோரணத்தை அண்ணாந்து பார்த்தாள். படியைக் குனிந்து பார்த்தாள். அந்தத் தயக்கம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது, தினமும் வீட்டில் பார்க்கிற தயக்கம்தான், இப்போது திரும்பிவிட்டாலும் தேவலை என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டார், திரும்பிவிடக் கூடாது என்று இன்னொரு பக்கம் வேண்டிக்கொண்டார். காலையில் தெருவையும் கூடத்தையும் பொருத்தி வைக்கும்போது, இந்த இரண்டாவது ஜன்னலுக்கு நேரேதான் எங்க வீட்டு வாசல் என்று பெனாசிரிடம் வேடிக்கையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. பூ வைத்திருந்த ஜன்னல். வலது நிலைக்கால் அந்தப் பூவுக்கு நேராக, கையெட்டும் தூரத்தில் நிற்கவேண்டும். அவர் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் அதிலும் ஒரு குறை கண்டுபிடித்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். வெறுங்காலோடு, மொசைக் அதிராமல், அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் ஜன்னலுக்கு நேரே பக்கவாட்டில் திரும்பி நின்றார். நின்ற பிறகுதான் அங்கிருந்து டேப்லெட் தெரியவில்லை என்பது தெரிந்தது. பெனாசிர் அவரைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள், குரலை உயர்த்தாமல், இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க சார் என்றாள். நகர்ந்தார். அவ்வளவு இல்ல, பின்னாடி. நகர்ந்தார். போதும், அங்கதான் மரம். அங்கேதான் மரம். ஆனால் மரத்தை அவள் கை தொடுகிற கணமும் அவர் தோளைத் தொடுகிற கணமும் ஒன்றாக இருக்கவேண்டும், ஒரு விரல்கடை முன்னால் நின்றால் காற்றில் எதையோ தொட்டுப் பயந்துவிடுவாள், ஒரு விரல்கடை பின்னால் நின்றால் மரத்துக்குள்ளே கை போய்விடும். தோரணத்தில் ஒரு இலை கோணலாக இருப்பதை ராத்திரி பகலாகப் பார்த்தவர், நிலைக்கால் எத்தனை அகலம் என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. நெற்றியில் வியர்வை ஊசி ஊசியாகப் பூத்தது. ஹெட்செட் போடாமலே தரை ஆடியது. ஆடக்கூடாது, மரம் ஆடாது. மூச்சை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மரத்துக்கு மூச்சு கிடையாது என்று அடக்கினார், அடக்கினால் தலை இன்னும் சுற்றியது, வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கறுப்புப் பெட்டி முகத்தோடு அவள் அவரை நேராகப் பார்த்தாள், பார்த்தது அவரையில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் இவ்வளவு பக்கத்தில் நின்று அவள் அவரைப் பார்த்ததாக நினைவில்லை, பார்க்கிற இந்த நேரத்தில் அவள் பார்ப்பது தேக்கு.

கை தூக்கறாங்க சார், என்றாள் பெனாசிர்.

கை வந்தது. மெதுவாக, விரல்கள் விரிந்து, எதையோ சோதிக்கிறதுபோல. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலியோடு தூக்கும்போது அவள் ஏன் மூடிக்கொள்கிறாள் என்று அந்தக் கணத்தில் புரிந்தது. உள்ளங்கை தோளில் பட்டது. துள்ளவில்லை. விரல்கள் ஒருதரம் தளர்ந்து, திரும்ப இறுகி, தோள்பட்டை எலும்பை வளைத்துப் பிடித்தன. அப்புறம் பாரம் வந்தது. அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமான பாரம், ஒரு முழு ஆளின் பாரம், எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் போட்ட பாரம். முழங்கால் மடங்கப் பார்த்தது, மடங்கவில்லை. வலது கால் உயரமாக எழும்பி, இல்லாத படியை மிதிக்காமல் தாண்டி, அந்தப்பக்கம் போய் ஊன்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இடது கால் சரசரவென்று இழுபட்டு, ஓரிடத்தில் தயங்கி, எழும்பி, தாண்டி, பக்கத்தில் வந்து நின்றது. பெனாசிர் மூச்சை விட்டது கேட்டது. அவர் கண்ணைத் திறந்தார். சாந்தாமணி வாசலுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே பார்த்தபடி, கை மட்டும் பின்னால் அவர் தோளிலேயே இருந்தது. உள்ளே அடுப்படியில் குக்கர் விசிலடிக்கிற மாதிரி வைத்திருந்தார், அதைக் கேட்டிருப்பாள், தலையைச் சாய்த்தாள். விரல்கள் தோளிலிருந்து மெல்ல நகர்ந்து சட்டைக் காலருக்கு வந்தன, காலரிலிருந்து கழுத்துக்கு வந்தன, ஈரத்தில் நின்றன.

"ஏனுங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமல், காது அடைத்திருப்பவர்கள் பேசுகிற பெரிய குரலில். "உங்க நெலக்காலு இப்பிடி வேர்க்குதுங்களே."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சொன்னாலும் கேட்காது.

"நவுந்துறாதீங்க," என்றாள். "உள்ள பாத்துட்டு வந்தர்றேன்."

கை எடுபட்டது. அவள் அடுப்படிப் பக்கம் ஓரடி வைத்தாள், அப்புறம் இன்னோரடி, பெனாசிர் பட்டையோடு பின்னாலேயே போனாள். சென்னியப்பன் ஜன்னலுக்கு நேராகப் பக்கவாட்டில் நின்றபடியே நின்றார். வெளியே பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டு போனது. முகத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை பரபரத்தது, துடைக்கவில்லை. போனவள் திரும்பி வரவேண்டும், வரும்போது மரம் வைத்த இடத்தில் இருக்கவேண்டும்.